வேலூர்க் கோட்டைத் தேவாலயமும் சுற்றுவட்டாரமும்: முதல்முறை வருகிறவர்களுக்கு ஓர் அரைநாள் வழிகாட்டி

வேலூருக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலானோர் ஊரைப் பார்க்க வருவதில்லை. சி.எம்.சி.யில் அப்பாயின்ட்மென்ட் இருக்கும், வி.ஐ.டி.யில் பிள்ளையைச் சேர்க்க வந்திருப்பார்கள், இல்லையென்றால் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி தங்குவார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று, ரிசல்ட் நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், லாட்ஜ் அறையில் படுத்துக் கிடப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் பொழுதைக் கழிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நடந்தே போய்விடும் தூரத்தில் 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு தேவாலயம் இருக்கின்றன. மூன்று அரச குடும்பங்கள் வாழ்ந்து துன்பப்பட்ட இடம் அது. கையில் இருக்கும் அந்த அரைநாளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே போகும் முன் நான்கு காலங்கள்

கோட்டைக்குள் எல்லாமே பழசாகத் தெரியும். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பது பார்த்தவுடன் புரியாது. தேவாலயத்தைப் பார்த்ததும் பலரும் கேட்கும் கேள்வி, “சிப்பாய்ப் புரட்சியின்போது வெள்ளைக்காரர்கள் இதற்குள்தான் போய் ஒளிந்தார்களா?” என்பது. ஒளிந்திருக்க முடியாது. புரட்சி நடந்தது 1806இல், தேவாலயம் கட்டியது 1846இல். இடையில் 40 வருஷம் ஓடிவிட்டது.

அதனால் நான்கு காலங்களை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கோட்டையும் கோயிலும் 16ஆம் நூற்றாண்டு, விஜயநகர அரசர்களுக்குக் கீழே இருந்த நாயக்கர்கள் காலம். சின்ன பொம்மு நாயக்கர் பேரைச் சொல்வார்கள். அடுத்தது 1806, சிப்பாய்கள் எழுந்த வருஷம். மூன்றாவது 1846, தேவாலயம். கடைசியாக 1981, கோயிலுக்குள் சாமி திரும்பி வந்த வருஷம். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னால் நிற்கும்போதும் இது இவற்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டுக்கொண்டாலே பாதி வரலாறு தானாகப் பிடிபடும். வழிகாட்டி ஆள் தேவைப்படாது.

எந்த நாள், எத்தனை மணிக்கு

தேவாலயத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை போவதுதான் நிச்சயம். அது அருங்காட்சியகம் இல்லை, சபை கூடுகிற ஆலயம். மற்ற நாள்களில் கதவு சாத்தியிருந்தால் ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளாகத்தில் யாராவது இருந்தால் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்தே சுற்றிப் பாருங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. பிரதோஷ நாளில் சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம் இருக்கும். சிற்பம் பார்க்க வேண்டும் என்றால் அந்த நேரம் உதவாது, சாமி கும்பிட வேண்டும் என்றால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை கண்டிப்பாகவே சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் அகழிக் கரையில் நில்லுங்கள். வேலூர் வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் கிடையாது. சுற்றிலும் பாறை மலை, அடியில் கருங்கல் தரை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பதினோரு மணிக்கு மேல் கோட்டைக்குள் நடப்பது வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை முழுவதும் நடக்கலாம். தண்ணீர் பாட்டில், தலைக்கு ஒரு துண்டு அல்லது தொப்பி, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, இவ்வளவு போதும். ஷூ போட்டுக்கொண்டு வந்தால் கோயில் வாசலில் ஒரு தடவை, தேவாலய வாசலில் ஒரு தடவை குனிந்து அவிழ்க்க வேண்டியிருக்கும்.

வந்து சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் காட்பாடி ஜங்ஷனில் இறங்குவார்கள். சென்னையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பெங்களூருக்கும் கோவைக்கும் போகிற வண்டிகள் நிறைய நிற்கும். அங்கிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழையும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். மழைக்காலம் தவிர மற்ற நாள்களில் ஆறு முழுக்க மணல்தான்.

பஸ்ஸில் வருகிறவர்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து வந்துவிட்டால் எதிரே கோட்டைதான். தனி ஆட்டோ என்றால் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சி.எம்.சி. பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு ஆட்டோவே வேண்டாம், ஆபிசர்ஸ் லைன் வழியாக நடந்து வந்துவிடலாம். சாலைக்கு அண்ணா சாலை என்று பேர் வைத்தும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் ஆபிசர்ஸ் லைன்தான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரிகள் குடியிருந்த வரிசை அது. சி.எம்.சி.க்கு எதிரே காந்தி ரோடு பக்கம் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தையும் இந்தியையும் பார்ப்பீர்கள். கிழக்கிந்திய மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக எழுதியவை.

அகழியில் தொடங்குங்கள்

நேராகக் கோட்டை வாசலுக்கு ஓடாதீர்கள். முதலில் அகழியை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடங்கள். தமிழ்நாட்டில் கோட்டை என்று பெயர் வைத்துக்கொண்டு இடிந்த மதில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஊர்கள் எத்தனையோ உண்டு. தண்ணீர் நிற்கும் அகழியோடு, சுற்று மதில் முழுசாக, இப்படி ஒரு தரைக்கோட்டை நிற்பது அபூர்வம். மொத்தப் பரப்பு 133 ஏக்கர். சுற்றிலும் உள்ள மலைகளிலிருந்து வெட்டிய கருங்கல். பக்கத்தில் போய் மதிலின் கற்களைப் பாருங்கள். பெரிய பெரிய கற்களை நேர்க்கோட்டில் இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். அகழியில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று பழைய குறிப்புகளில் இருக்கிறது.

மதிலின் மேல்விளிம்பு முழுக்கப் பிறைபோல வளைந்த கைப்பிடிச் சுவர், நடுநடுவே துப்பாக்கி நீட்டும் துளைகள். மதில் ஒரே வரிசையாக இல்லாமல் உள்ளே ஒன்று, வெளியே தாழ்வாக ஒன்று என்று இரட்டையாக இருப்பதையும் கவனியுங்கள். வெளி மதிலைப் பிடித்தவன் உள் மதிலின் குண்டுக்கு நேராக வந்து நிற்பான். இரண்டாம் மைசூர்ப் போரில் ஹைதர் அலியின் படை இந்தக் கோட்டையை நீண்ட காலம் முற்றுகை இட்டும் பிடிக்க முடியவில்லை.

பிறகு பாலத்தைத் தாண்டி உள்ளே போங்கள். கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் சுவரில் கிறுக்குவது, கல்லில் ஏறி உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் கூடாது. காதல் பெயர்கள் செதுக்கிய கற்களை நிறையவே பார்ப்பீர்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தேவாலயம்

செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், ஊர்க்காரர்கள் வாயில் கோட்டைச் சர்ச். 1846இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையினருக்காகக் கட்டியது. கோவாவிலும் பாண்டிச்சேரியிலும் வேளாங்கண்ணியிலும் பெரிய ஆலயங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அந்த எளிமையைத்தான் கவனிக்கச் சொல்வேன். ஊர் ஜனங்களை இழுக்கவோ, பக்கத்து ஆலயத்தோடு போட்டி போடவோ இதைக் கட்டவில்லை. பாசறையில் இருந்த சிப்பாய்களும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் ஞாயிறு தோறும் வந்து உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது, அதற்குப் போதுமானதைக் கட்டினார்கள். 1858இல் கம்பெனி ஆட்சியே முடிந்துபோனது. ஆக, இது கம்பெனியின் ஆலயமாக இருந்தது 12 வருஷம்தான். மிச்சக் காலம் எல்லாம் வேறு ஆட்சிகள், வேறு சபையார்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை, நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது, உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், இன்னும் சில சபைகள் ஒன்றாகச் சேர்ந்தன. அதோடு இந்த ஆலயமும் சி.எஸ்.ஐ. ஆலயமானது. வேலூருக்குத் தனிப் பேராயம், அதாவது தனி பிஷப்பின் கீழ் இயங்கும் திருச்சபை வட்டாரம், வந்தது 1976இல். இன்று உள்ளே உட்காருகிறவர்கள் வேலூர்க்காரர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேலூர்ச் சுற்றுவட்டாரத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டையிலிருந்து கிளைத்தவை அல்ல. 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன்தான் வடாற்காடு முழுக்கக் கிராமம் கிராமமாகப் போனது. ஊரிஸ் கல்லூரியும் அந்த மிஷனுடையதுதான். பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே படித்தார். அதே ஸ்கடர் குடும்பத்துப் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. கோட்டைக்குள் இருப்பது படைக்கு வந்தவர்களின் ஆலயம், கோட்டைக்கு வெளியே இருப்பவை பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்களின் ஆலயங்கள். இரண்டும் இன்று ஒரே பேராயத்துக்குள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தெருவில் கண்ணில் படும் ஒவ்வொரு சிலுவைக் கோபுரத்துக்கும் தனித்தனிக் கதை இருப்பது தெரியும்.

ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது போனால் என்ன செய்வது? வேறு மதத்தவர்களுக்குத் தயக்கம் இருக்கும். தயங்க வேண்டாம், யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுக் கடைசி வரிசைப் பெஞ்சில் ஓரமாக உட்காருங்கள். பெண்கள் பலர் முந்தானையையோ துப்பட்டாவையோ தலையில் போட்டிருப்பார்கள், நீங்களும் போட்டுக்கொண்டால் நல்லது. எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். ஜெபம் நடக்கும்போது நடுவில் எழுந்து போகாமல், பாட்டு ஆரம்பிக்கும்போது போகலாம். திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சை ரசமும், கொடுக்கும் நாளாக இருந்தால் சபையார் வரிசையாக முன்னே போவார்கள். அது திருமுழுக்குப் பெற்று, பிறகு திடப்படுத்தல் என்ற சடங்கில் சபையின் முழு அங்கத்தினர் ஆனவர்களுக்கு உரியது. நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காணிக்கைப் பை வந்தால் விருப்பம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம்.

படம் எடுப்பது ஆராதனை முடிந்த பிறகுதான், அதுவும் கேட்டுவிட்டு. “ஐயா, வெளியூர்லேருந்து வந்திருக்கோம், உள்ளே ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். சி.எஸ்.ஐ.யில் குருவானவரை ஆயர் என்றோ ஐயர் என்றோ சொல்வார்கள். நீங்கள் ‘ஐயா’ என்று கூப்பிட்டால் போதும். ஃபாதர் என்பது கத்தோலிக்கக் குருவுக்குச் சொல்வது. பலிபீடப் பக்கம் படியேறிப் போய் நின்று செல்ஃபி எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் வயதான சபையாரிடம் பேச்சுக் கொடுங்கள். பலகையில் எழுதாத செய்திகள் அவர்களிடம்தான் கிடைக்கும்.

கத்தோலிக்கப் பேராலயத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் திரும்பும்போது ஆபிசர்ஸ் லைன் பக்கம் விண்ணேற்பு அன்னை ஆலயத்துக்குப் போகலாம். வேலூர்க் கத்தோலிக்க மறைமாவட்டம் 1952இல் உருவானது. ஆகஸ்ட் 15 அங்கே திருவிழா.

ஜலகண்டேஸ்வரர் கோயில்

தேவாலயத்திலிருந்து வெளியே வந்தால் கோயில் கோபுரம் எங்கிருந்தாலும் தெரியும். ஏழு நிலைக் கோபுரம். வேலூரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசி வரி இந்தக் கோயிலைப் பற்றியது. போர்களும் ஆட்சி மாற்றங்களும் தொடர்ந்து வந்ததில் வழிபாடு நின்றுபோய், கம்பெனிப் படை இதை ஆயுதக் கிடங்காகவே வைத்திருந்தது. சத்துவாச்சாரியில் வைத்துப் பூஜித்து வந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் ஊர் ஜனங்கள் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். வேலூரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கேளுங்கள், பலர் அந்த நாளைப் பற்றி நேரில் பார்த்த மாதிரியே சொல்வார்கள். பார்த்தும் இருப்பார்கள்.

கோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கல்யாண மண்டபம். அவசரத்தில் இருக்கிறவர்கள்கூட இங்கே அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முன்வரிசைத் தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரைகளும் யாளிகளும், அவற்றின் மேல் வீரர்களும், அடியில் மிதிபடும் விலங்குகளும் இருக்கின்றன. எல்லாம் ஒற்றைக் கல்லில் செதுக்கியவை. குதிரையின் கடிவாளத்தையும் சேணத்தின் பட்டையையும் தொடாமல் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், தோலில் போட்ட தையல்கூடத் தெரிகிற மாதிரி இருக்கும்.

பிறகு மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் விரிந்த தாமரை, அதைச் சுற்றி வட்டமாகத் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். அந்த உயரத்தில் வேலை செய்தவன் தரையிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டு அந்தக் கிளிகளின் கழுத்தை வளைத்திருக்கிறான். பெரும்பாலான பேர் தூணோடு நின்றுவிடுகிறார்கள், மேலே பார்ப்பதில்லை. குழந்தைகளோடு வந்தால் ரிஷப குஞ்சரத்தையும் தேடச் சொல்லுங்கள். காளையின் உடலும் யானையின் உடலும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை.

இந்த மண்டபத்தைக் கழற்றி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப் பார்த்தார்கள், கொண்டுபோக வந்த கப்பல் மூழ்கிப்போனது என்று ஊரில் ஒரு கதை உண்டு. மண்டபம் இங்கேதான் நிற்கிறது, அது போதும்.

1806: எங்கே நின்று நினைப்பது

கோயிலிலிருந்து உள்ளே நடந்தால் பழைய மஹால்கள் வரும். திப்பு மஹால், ஹைதர் மஹால், கண்டி மஹால், பேகம் மஹால், பாதுஷா மஹால் என்று ஐந்து பேர் சொல்வார்கள். பல கட்டடங்கள் அரசுப் பயன்பாட்டுக்குப் போனவை, எல்லாவற்றுக்குள்ளும் விட மாட்டார்கள். வெளியே நின்று பார்த்தாலும் போதும். நவாபுகள் காலத்து மசூதியும் இந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே தொழுகை நடப்பதில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்ட பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் கம்பெனி இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தது. 1805 நவம்பரில் மெட்ராஸ் படையின் தளபதி ஜான் கிராடாக் ஓர் உத்தரவு போட்டார். நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும். இந்துக்கும் ஆகவில்லை, முஸ்லிமுக்கும் ஆகவில்லை. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. 1806 ஜூலை 9 அன்று திப்பு மகள் ஒருத்தியின் கல்யாணம் கோட்டைக்குள் நடந்தது. அன்றிரவு முடிந்து 10ஆம் தேதி விடியும் முன்னே சிப்பாய்கள் எழுந்தார்கள். வெள்ளைக்காரப் படையான 69ஆம் ரெஜிமென்ட்டின் குடியிருப்பைத் தாக்கினார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது.

கொடி பறந்தது சில மணி நேரம்தான். சேதி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். சுமார் 25 கிலோமீட்டர் தூரம். வாசல் மேலே தப்பி நின்ற 69ஆம் ரெஜிமென்ட்டுக்காரர்களோடு சேர கயிறு பிடித்து மதில் ஏறினார், பின்னால் வந்த பீரங்கிகள் வாசலை உடைத்தன. பிறகு நடந்தது பழிவாங்கல். மஹாலுக்குள் ஒதுங்கியிருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். இறந்த சிப்பாய்கள் மொத்தம் 350 பேர் அளவில் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வடக்கே 1857 நடப்பதற்கு 51 வருஷம் முன்னால் இது நடந்தது. புது உடுப்பு உத்தரவைக் கம்பெனி திரும்பப் பெற்றது. கவர்னர் பென்டிங்கையும் கிராடாக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டது. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது.

ஏற அனுமதிக்கிற இடத்தில் மதில் மேல் ஏறி வாசலைப் பாருங்கள். கில்லெஸ்பி ஏறிய மதிலும் சுடப்பட்டவர்கள் விழுந்த தரையும் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன. இப்போது திரும்பித் தேவாலயத்தை ஒரு தடவை பாருங்கள். இத்தனையும் நடந்து 40 வருஷம் கழித்து, இதே தரையில் கட்டினார்கள். அங்கே உட்கார்ந்து ஜெபித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு 1806 என்பது தாத்தா காலத்துக் கதை, ஆனால் மறந்துவிட முடியாத கதை.

அருங்காட்சியகத்துக்கு நேரம் இருந்தால் போங்கள். வெயில் ஏறிவிட்டால் அதற்குள் போய் நிற்பது உடம்புக்கும் நல்லது.

கோட்டைக்கு வெளியே

கோட்டை வாசல் பக்கத்திலேயே பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1806இல் இறந்த வெள்ளைக்காரர்களுக்கு அங்கே ஒரு நினைவுக் கல்லறை உண்டு. வாசல் திறந்திருந்தால் போய்ப் பாருங்கள். கம்பெனிக் காலத்துக் கல்லறைகளைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு முதலில் வயதையும் வருஷத்தையும் பாருங்கள், பிறகு ரெஜிமென்ட் எண்ணைப் பாருங்கள். காய்ச்சலிலும் காலராவிலும் போன இளைஞர்களும் கைக்குழந்தைகளும் எத்தனை பேர் என்று தெரியும். கல்லறை மேல் உட்காராதீர்கள், பூவை எடுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு நினைவிடம் கோட்டைக்கு அருகே மக்கான் சிக்னலில். சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. ஜூலை 10 தோறும் மாலை போட்டு மரியாதை செய்வார்கள். 200ஆம் ஆண்டான 2006இல் தபால்தலையும் வெளியிட்டார்கள். போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே நிற்பதால் பலர் இதைப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரண்டு பக்கத்து மரணத்தையும் ஒரே காலையில் பார்க்கிற வசதி இந்த ஊரில் இருக்கிறது.

அங்கிருந்து லாங்கு பஜாருக்குள் நுழைந்தால் மணிக்கூண்டு. காய்கறிக்காரர்களும் தள்ளுவண்டிகளும் சூழ்ந்திருக்கும் அந்தக் கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். ஓரமாக நின்று படியுங்கள், வண்டி இடிக்கும். சீசனில் அந்தக் கடைத்தெருவிலேயே வேலூர் முள்ளு கத்தரிக்காய் கிடைக்கும். இலவம்பாடிக் கத்தரிக்காய் என்று கேளுங்கள், காம்பில் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற காய் இது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு இதை அடிக்க வேறு இல்லை.

முத்து மண்டபம்

கால் தாங்கினால் கடைசியாக இங்கே வாருங்கள். கோட்டையிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் முத்து மண்டபம் என்று சொன்னால் போதும். இலங்கையின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. மதுரை நாயக்கர் உறவில் வந்தவர். 1815இல் கண்டியைப் பிரிட்டிஷார் பிடித்தபோது அகப்பட்டு, 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். கோட்டைக்குள் நீங்கள் பார்த்த கண்டி மஹால் பெயர் அவரால் வந்தது. திப்பு குடும்பம் காலி செய்த கோட்டையில் பத்து வருஷம் கழித்து இன்னோர் அரச குடும்பத்தைக் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். அவருடைய ராணிகள், வாரிசுகளின் சமாதிகளும் அதே இடத்தில் உண்டு. இன்றைய மண்டபத்தைத் தமிழ்நாடு அரசு 1990இல் கட்டியது.

இலங்கையிலிருந்து வருகிற தமிழர்களும் சிங்களவர்களும் இங்கே வந்து பூ வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் வருவது குறைவு. அது எனக்கு வருத்தம்தான். ஸ்கூல் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்து வருகிற ஆசிரியர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் இலங்கை வரலாறும் தமிழ்நாட்டு வரலாறும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டிவிடலாம்.

திரும்பும்போது

பசிக்கும். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ஆபிசர்ஸ் லைனிலும் சைவ ஓட்டல்களுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் குறைவில்லை. இந்தப் பக்கத்துப் பிரியாணி சீரகச் சம்பாவில், மசாலா அதிகம் இல்லாமல் இருக்கும். கூடவே கத்தரிக்காய்ப் பச்சடி வைப்பார்கள். அதை ஒதுக்கிவிடாமல் பிரியாணியோடு பிசைந்து சாப்பிடுங்கள். நோயாளியோடு வந்தவர்கள் பார்சல் வாங்கும்போது காரம் குறைவாகக் கேளுங்கள், கடைக்காரர்களுக்கு இது பழகிய கேள்விதான்.

சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆற்காடு வழி போகும் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். கில்லெஸ்பி குதிரையில் வந்த பாதையைப் பெரும்பாலும் நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். ஆற்காட்டில் இறங்க நேரம் இருந்தால் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இருக்கிறது. 1751இல் ராபர்ட் கிளைவ் முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டையில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அந்த வாசல் ஒன்றுதான். பார்க்கப் பத்து நிமிஷம் போதும். பக்கத்தில் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வாங்கினால் இரண்டு நாள் தாங்கும்.